புல்லல்ல, முள்

புல்லைப் பற்றியும் நாயைப் பற்றியும் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர் நகைத்தார். அவர் நகைப்பில் தவறில்லை. தமிழில் இவ்விரண்டு சொற்களும் தாழ்வையே சுமந்து வந்தவை. கீழ்மகனைப் ‘புல்லன்’ என்றோம். அற்ப அறிவைப் ‘புல்லறிவு’ என்றோம். இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள விரும்பிய அடியார்கள் ‘நாயேன்’ என்று சொல்லி நின்றார்கள். இத்தகைய இரண்டு கடைநிலைப் பொருள்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் என்ன பெரிய செய்தி இருந்துவிடப் போகிறது என்று நீங்களும் எண்ணலாம். ஆனால், நண்பர்களே, அரிசி மணியினும் மெலிந்த ஒரு புல்விதை ஒரு நாயை முடமாக்கும். கவனிப்பாரற்றுப் போனால் கொன்றும் விடும். அதைத் தடுக்க வேண்டியவை மாலையில் ஐந்து நிமிடமும் நம் பத்து விரல்களுமே. இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

நான் குடியிருப்பது ஹெப்பாளில். ஹெப்பாள் என்றால் நம்மில் பலருக்குப் பெங்களூர் ஹெப்பாள்தான் நினைவுக்கு வரும். அங்கே 1958-ஆம் ஆண்டு முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. என்னுடையது மைசூர் ஹெப்பாள். இங்கே தொழிற்சாலைகள் உண்டு. இன்போசிஸ் நிறுவனத்தின் பரந்த வளாகம் உண்டு. ஓர் ஏரி உண்டு. இவற்றுக்கு நடுவே எங்கள் தெருக்கள். தெரு என்றதும் வரிசையாக வீடுகள் என்று எண்ணிவிட வேண்டாம். மூன்று வீட்டுக்கு ஒரு காலி மனை. இவ்வூரார் அதைச் ‘சைட்’ என்பார்கள். வாங்கியவர் எங்கோ இருப்பார். மனை மட்டும் விலை ஏறிக்கொண்டே இங்கே கிடக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அதில் புல் தலைதூக்கும். தசராக் கூட்டம் அரண்மனைப் பக்கம் அலைமோதும் நாட்களில் இங்கே புல் இடுப்புயரம் நிற்கும். பச்சையாக இருக்கும் வரையில் கண்ணுக்குக் குளிர்ச்சி. தசரா முடிந்து வெயில் ஏற ஏற அது வைக்கோல் நிறம் கொள்ளும். அப்போதுதான் ஆபத்துத் தொடங்குகிறது.

நான் பிறந்து வளர்ந்தது தாராபுரம் பக்கம். கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து ஆடுமாடுகள் வயிறு நிறைக்கும் நாடு அது. புல் அங்கே சொத்து. மழை பொய்த்த ஆண்டில் மண்ணையும் மாட்டையும் சேர்த்துக் காப்பாற்றுவது. அந்த நாட்டிலிருந்து வந்து, தாவரவியல் முதுநிலை வகுப்பில் சேர்ந்து, புல்லினம் என்பது பதினோராயிரம் வகைக்கு மேற்பட்ட பெருங்குடும்பம் என்றும், நெல்லும் கரும்பும் மூங்கிலும் அதன் பிள்ளைகளே என்றும் படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குடும்பத்தில் ஊசி வைத்துக்கொண்டு திரியும் சில உறவினரும் உண்டு என்பதைக் கரியாவின் கால்தான் எனக்கு உறைக்கும்படி சொல்லிற்று.

கரியா யாரென்று சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டுக்காரர் எழுபது கடந்த மூதாட்டி. தெருவே அவரை அஜ்ஜி என்று அழைக்கிறது, நானும் அப்படியே. கீழ்த்தளத்தில் அவரும் அவருடைய நாய் கரியாவும்; மாடி அறையில் நானும் என் புத்தகங்களும். கரியா என்றால் கன்னடத்தில் கறுப்பன். தாய் தெருநாய். தந்தை யாரோ பெரிய வீட்டாரின் ஸ்பேனியல் என்று தெருவில் ஒரு வதந்தி. வதந்தி மெய்யாகத்தான் இருக்க வேண்டும். அல்லாவிடில் அந்தத் தொங்கு காதுகளும், விரலிடுக்கெல்லாம் பஞ்சு வைத்தாற்போன்ற மயிரும் அதற்கு எங்கிருந்து வந்தன? அஜ்ஜியின் மக்கள் தூரதேசத்தில் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் தொலைபேசி மணி அடிக்கும். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்டுத் தலையசைக்கும் உயிர் கரியா ஒன்றுதான்.

2024 நவம்பரில் ஒரு மாலை, கரியா முன்னங்கால் ஒன்றை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தது. நாய் காலை நக்குவது புதுமையா? ஆனால் மறுநாளும் அதே கால், அதே விரலிடுக்கு. மூன்றாம் நாள் அங்கே சுண்டைக்காய் அளவு சிவந்த வீக்கம். ஐந்தாம் நாள் அது உடைந்து சீழ் வடிந்தது. மருத்துவர் ஒருவர் ஊசி போட்டார், மாத்திரை தந்தார், பத்து நாளில் புண் ஆறியது. அஜ்ஜி சாமுண்டிக்குத் தேங்காய் உடைத்தார். பதினைந்தாம் நாள் அதே இடத்துக்குச் சற்று மேலே மீண்டும் வீக்கம். மீண்டும் ஊசி, மாத்திரை, ஆறுதல், மீண்டும் வெடிப்பு. மூன்றாம் முறை வீக்கம் இன்னும் மேலே, மணிக்கட்டை நோக்கி நகர்ந்திருந்தது. நாய் காலைத் தரையில் ஊன்றவில்லை. ‘விரலை எடுத்துவிட வேண்டி வரலாம்’ என்ற பேச்சும் எழுந்தது. அன்றிரவு அஜ்ஜி உண்ணவில்லை என்பதைக் கழுவாத தட்டு இல்லாத திண்ணையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆறி ஆறி வெடிக்கும் புண், அதுவும் இடம் மாறி மேலேறும் புண் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். மருந்து சுற்றியுள்ள கிருமிகளைக் கொல்லும்; உள்ளிருக்கும் பொருளை அதனால் கரைக்க இயலாது. மருந்து நின்றதும் கிருமி திரும்பி வரும். நகரில் வேறொரு கால்நடை மருத்துவரிடம் ஆட்டோவில் கொண்டு போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வியே, ‘நாயை எங்கே நடக்க விடுகிறீர்கள்?’ என்பது. பிறகு, ‘புல்விதை எக்ஸ்ரேயில் தெரியாது, அது எலும்பும் அன்று, உலோகமும் அன்று’ என்று சொல்லி ஸ்கேன் கருவியால் காலை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். மயக்க ஊசி போட்டு, சீழ் வந்த துளை வழியே மெல்லிய இடுக்கியைச் செலுத்தினார். நெடுநேரம் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு கறுத்த துரும்பு வந்தது. வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார். ஒரு சென்டிமீட்டர்கூட இராது. வால் ஒடிந்து போயிருந்தது. முனை மட்டும் புத்தம் புது ஊசியாகவே இருந்தது.

அஜ்ஜி அதைக் குனிந்து பார்த்தார். ‘ஹுல்லல்ல, முள்ளு!’ என்றார். எந்த அகராதியும் வேண்டாத கன்னடம்.

அந்தத் துரும்பை நான் கேட்டு வாங்கி வந்து ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்தேன். பிறகு எங்கள் தெரு ‘சைட்’டின் ஓரத்தில் நின்ற ஊசிப்புல்லின் கதிரிலிருந்து ஒன்றைப் பிய்த்து அதனருகே வைத்தேன். இரண்டும் ஒன்றே. தாவரவியலார் ஹெடிரோபோகன் கன்டார்ட்டஸ் என்று இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். கன்டார்ட்டஸ் என்றால் முறுக்குண்டது. முறுக்குண்டிருப்பது அதன் வால். விதையைப் பொதிந்த உமியின் அடிப்பக்கம் கூரிய முனை. முனையைச் சுற்றி விறைத்த சுணைகள்; அவை யாவும் பின்னோக்கிச் சாய்ந்தவை. மேற்பக்கம் விரல் நீளத்துக்குக் கறுத்த வால். அந்த வால் ஈரம் பட்டால் முறுக்கு அவிழும்; உலர்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். உள்ளங்கையில் ஒரு விதையை வைத்து அதன்மேல் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். உயிருள்ள பூச்சிபோல் அது சுழல்வதைக் கண்டு நீங்களே கையை உதறுவீர்கள்.

இது புல்லின் தீய எண்ணம் அன்று, பிழைக்கும் வழி. பனியில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் வால் சுழல, முனை மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. பறவையும் எறும்பும் எட்டாத ஆழத்தில் விதை பத்திரமாக உறங்குகிறது. இந்தப் பொறியின் நுட்பத்தைச் சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் 1876-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். காட்டுக் கோதுமையின் விதைக்கு இருக்கும் இரட்டை வால்கள் இரவின் ஈரத்திலும் பகலின் உலர்விலும் விரிந்து சுருங்கி, நீந்துவதுபோல் விதையை மண்ணுக்குள் தள்ளுகின்றன என்பதை எல்பாம் என்ற அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும் 2007-இல் விளக்கினார்கள். தசையும் இல்லை, நரம்பும் இல்லை. செல்லுலோஸ் இழைகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதிலேயே இயக்கமெல்லாம் அடங்கிவிடுகிறது. படிக்கும்போது உடல் சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கரியாவை எண்ணியபோது அந்தச் சிலிர்ப்பு வேறு மாதிரி ஆயிற்று.

நாயின் உடலுக்குள் போன பிறகு வால் தேவையில்லை. பின்சாய்ந்த சுணைகளே போதும். சிறுவயதில் ஒட்டுப்புல்லின் கதிரைக் கைப்பிடிக்குள் வைத்து மெல்ல அழுத்தி அழுத்தி விட்டிருக்கிறீர்களா? நாம் எப்படி அழுத்தினாலும் அது ஒரு பக்கமாகவே ஊர்ந்து ஏறும். பின்னுக்கு இழுக்கும் அசைவைச் சுணைகள் தடுக்கின்றன; முன்னுக்குத் தள்ளும் அசைவுக்கு வழி விடுகின்றன. நாய் ஓர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம், ஒரு தசை சுருங்கி விரியும்போதெல்லாம் விதை ஓர் இம்மி முன்னேறுகிறது. திரும்பி வர அதற்கு வழியே கிடையாது. காலில் புகுந்தது காலின் மேற்பகுதிக்குப் போகலாம். மூச்சோடு உள்ளே போனது நுரையீரல் வரை போய்ச் சீழ் கட்டலாம். உடலால் அதைச் செரிக்கவும் முடியாது. கூடவே மண்ணிலும் வாயிலும் இருக்கும் கிருமிகளை அது சுமந்து போகிறது.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் ஏற்பட்டது. மாலை நடை முடிந்ததும் திண்ணை விளக்கடியில் கரியாவை உட்கார வைத்து அங்கம் அங்கமாகத் தடவிப் பார்ப்பது. அஜ்ஜி கன்னடத்தில் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்வார், நான் பார்ப்பேன். அந்தப் பட்டியலைக் கேட்டபோதுதான் எனக்கு ஒரு வியப்பு. கண் அங்கே கண்ணு, மூக்கு மூகு, கால் காலு. வாயைப் பாயி என்றும், விரலைப் பெரளு என்றும், வாலைப் பால என்றும் சொல்கிறார்கள். நம் வகரம் அவர்களிடம் பகரமாகியிருக்கிறது, அவ்வளவே. புல்லும் பல்லும் ஹுல்லு, ஹல்லு. செவி மட்டும் கிவி. இதில் ககரமே பழையது, நாம்தான் அதைச் சகரமாக்கிக்கொண்டோம் என்று மொழிநூலார் சொல்கிறார்கள். தமிழ் மன்றத்து மலரில் இதை எழுதுவதற்காக என்னை யாரும் கோபிக்க வேண்டாம். ஒரு நாயின் உடம்பைப் பொறுத்தவரையில் தமிழனுக்கும் கன்னடியருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நாயும் அங்கே நாயிதான்.

தடவிப் பார்க்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். முதலில் கால்கள். நான்கு பாதங்களிலும் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மேற்புறமும் அடிப்புறமும் பார்க்க வேண்டும். மென்திண்டுகளுக்கு இடையில் உள்ள மயிரில் தான் விதை முதலில் தங்குகிறது. அங்கே ஒரு நாள் தங்கினால் விரலால் எடுத்துவிடலாம். உள்ளே போய்விட்டால் கத்திதான். மயிர் நீண்ட நாய்களுக்குப் பாதத்து மயிரைப் புல் முற்றும் பருவத்துக்கு முன்பே ஒட்ட வெட்டிவிட வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி, பிறப்புறுப்பைச் சுற்றிய இடம் ஆகியவற்றைக் கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியால் தடவுவதே மேல். விரலுக்குத் தட்டுப்படுவது கண்ணுக்குப் படாது. மேலாகச் செருகி நிற்கும் விதையை அது நுழைந்த வழியிலேயே நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் முனை ஒடிந்து உள்ளே நின்றுவிடும்.

அடுத்தது காது. மனிதன் காதுத்துளை ஏறக்குறைய நேரானது, நாயினுடையது அப்படியன்று. முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பிறகு உள்நோக்கித் திரும்புகிறது. ஆதலால் உள்ளே விழுந்த விதை நம் கண்ணுக்குத் தெரியாது. கண்டுகொள்ளும் வழி நாயின் நடத்தைதான். நடந்து வந்த நாய் திடீரென்று தலையை ஓயாமல் உதறினால், ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தால், காதைத் தொட்டவுடன் அலறினால், காதுக்குள் விதை போயிருக்கலாம் என்று கருத வேண்டும். அப்போது செய்யக்கூடாதவை உண்டு. பஞ்சு சுற்றிய குச்சியை விடக்கூடாது. அது விதையைச் செவிப்பறை வரை தள்ளிவிடும். நம் வீடுகளில் காதுவலி என்றால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது வழக்கம். நாயின் செவிப்பறை ஏற்கெனவே கிழிந்திருந்தால் ஊற்றும் எதுவும் உட்செவிக்குப் போய்த் தீங்கு செய்யும். ஒளி பாய்ச்சும் குழலும் முதலைவாய் இடுக்கியும் உடைய மருத்துவர் கையில் அதை விட்டுவிடுவதே அறிவுடைமை. அன்றைக்கே போக வேண்டும்.

மூக்கில் போனால் அடுக்கடுக்காகத் தும்மல் வரும். சில வேளை ஒரு நாசியில் மட்டும் குருதி கசியும். தும்மல் இரண்டு நாளில் நின்றுவிட்டது என்று மகிழ வேண்டாம். விதை வெளியே வந்ததாலும் நிற்கும், உள்ளே போனதாலும் நிற்கும். கண்ணில் போனால் அந்தக் கண் மூடியே இருக்கும், நீர் வழியும். இமைக்குள் கிடக்கும் விதை ஒவ்வொரு சிமிட்டலிலும் விழியைக் கீறுவதால் இதில் ஓர் இரவுகூடத் தாமதிக்கலாகாது. வாயைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. தொண்டையில் விதை சிக்கிய நாய் இருமும், எச்சில் வடிக்கும், விழுங்கத் தவிக்கும். வெறிநோய் கண்ட நாயும் எச்சில் வடித்து விழுங்க முடியாமல் தவிக்கும். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாயின் வாய்க்குள் இரக்கத்தால் கையை விட்டுவிடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ, எச்சில் புண்ணில் பட்டாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவையெல்லாம் மேல்நாட்டார் புத்தகத்தில் இல்லாதவை அல்ல. கலிபோர்னியாவில் ‘நரிவால்’ என்று பெயர் பெற்ற புல் நாய் வளர்ப்போருக்கு ஆண்டுதோறும் பெருந்தொல்லை. அங்கே நாயின் தலைக்கு வலைத் தொப்பியும் காலுக்குக் காலணியும் விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நம் ஊசிப்புல்லே செம்மறியின் கம்பளியைத் துளைத்துத் தோலுக்குள் இறங்கியிருக்கிறது. அதே புல்லை ஹவாய்த் தீவினர் ‘பிலி’ என்று பெயரிட்டுக் கூரை வேய்ந்து அதன் நிழலில் வாழ்ந்தார்கள். புல் ஒன்றுதான், யாருக்கு எப்போது எதிர்ப்படுகிறது என்பதில்தான் வேற்றுமை. ஆனால் அந்தப் புத்தகங்களைப் படித்து நடப்பவர் ஒன்றில் ஏமாறுவார். அவை ‘கோடையில் எச்சரிக்கை’ என்று சொல்லும். அவர்கள் புல் கோடையில் முற்றுகிறது. நம் மைசூரில் மழைக்குப் பின், அக்டோபரிலிருந்து தை மாதம் வரையில்தான் விதை உதிர்கிறது. காலைப் பனி இதமாக இருக்கிறது என்று நாயை நெடுந்தூரம் நடத்திக்கொண்டு போகும் மாதங்களும் அவையே.

நம் நாட்டு நாய்களுக்கு இத்தொல்லை குறைவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2005-இல் அஞ்சல்துறை நாட்டு நாய்களுக்குத் தலை வெளியிட்டபோது நம் ராஜபாளையமும் இக்கருநாடகத்து முதோளும் அவற்றில் இடம் பெற்றன. இரண்டும் குட்டை மயிர் உடையவை. ஒட்டிய விதை கண்ணுக்குத் தெரியும், கையால் தட்டினால் விழும். அவ்வகையில் நன்மைதான். ஆனால் விரலிடுக்கும் மூக்கும் எந்த நாய்க்கும் திறந்த வாயில்களே. வேட்டை வேகத்தில் புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடும் நாய் வாயைத் திறந்தே ஓடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். தினமும் தேடி எடுப்பது ஒரு பாதி. தேட வேண்டாதபடி செய்வது மறுபாதி. தெருவிலுள்ள மனைப் புல்லை வெட்டச் சொல்லி ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மனு பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறேன். தெருவார் சிலர் கூடி 2024 டிசம்பரில் ஆள் வைத்து வெட்டினார்கள். பயனில்லை, முற்றிய கதிரை வெட்டினால் அது நின்ற இடத்தில் உதிர வேண்டியதைத் தெருவெல்லாம் உதிர்க்கிறது. வெட்டிய மறுநாள் கரியாவின் உடம்பிலிருந்து நான் எடுத்த விதைகளைத் தீப்பெட்டியில் போட்டேன், பெட்டி நிறைந்தது.

அப்போது எனக்கு எங்கள் அம்மாயி நினைவுக்கு வந்தார். அவர் படிக்காதவர், ஆடு வளர்த்தவர். ஊசிப்புல் கதிர் தள்ளுமுன் ஆட்டை அங்கே ஓட்டு, கதிர் முற்றினால் அந்தப் பக்கம் திரும்பாதே என்பார். இளம்புல் நல்ல தீனி, முற்றியது முள். இவ்வளவுதானே தாவரவியலும் சொல்வது! ஹெப்பாளில் இன்னமும் மாடு வைத்துப் பால் ஊற்றுபவர் ஒருவர் இருக்கிறார். 2025 ஆகஸ்டில், பூ எட்டிப் பார்க்குமுன், அவரை அழைத்து மனையைக் காட்டினோம். மனைக்காரரிடம் தொலைபேசியில் இசைவு கேட்டோம். ‘காசு கேட்காமல் வெட்டுகிறீர்களா?’ என்று அவர் இருமுறை உறுதி செய்துகொண்டார். பால்காரர் மூன்று காலையில் வந்து அரிவாளால் அறுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டு போனார். இடையிடையே நின்ற பார்த்தீனியத்தை மட்டும் ஒதுக்கினார். அதைத் தின்ற மாட்டின் பால் கசக்குமாம். மக்கள் அதைக் ‘காங்கிரஸ் புல்’ என்கிறார்கள். அது புல்லே அன்று. அறுத்த புல் மறுபடி தழைத்தது. செப்டம்பர் இறுதியில் மறுபடி அறுத்தார். மாட்டுக்குத் தீனி, தெருவுக்குத் துப்புரவு, மனைக்காரருக்குச் செலவில்லை.

தசராவுக்குப் பிறகு கரியாவின் பாதத்தில் கிடைத்த விதைகள் தீப்பெட்டியின் அடியைக்கூட மறைக்கவில்லை. அவையும் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து வந்தவை. அந்தக் காலில் இப்போது மயிர் முளைக்காத ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. அஜ்ஜி அதன்மேல் தினமும் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். கரியா தினமும் அதை நக்கித் தின்கிறது.

மானசகங்கோத்ரி வளாகத்தில் நாய் வளர்ப்போர் குறைவு. ஆனால் நாய்கள் குறைவில்லை. குக்கரஹள்ளி ஏரிக்கரைப் பாதையில் மாலை நடை போகிறவர்கள் காற்சட்டை ஓரத்தில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று ஒருநாள் பார்க்கட்டும். நாம் அதைக் கையால் பிடுங்கி எறிந்துவிடுவோம். நம் பின்னாலேயே வந்த நாய்க்குக் கை இல்லை. விடுதி உணவறை வாயிலில் படுத்திருக்கும், காதில் கருத்தடை அடையாளம் வெட்டப்பட்ட நாய்களுக்குச் சோறு போடும் நண்பர்கள், சோறு போடும்போதே அவை எப்படி நடக்கின்றன, தலையை எப்படி வைத்திருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். பிடிப்பதையும் எடுப்பதையும் பழகியவரிடமும் மருத்துவரிடமும் விடலாம். வரும் ஆகஸ்டில் விடுதிக்குப் பின்புறத்துப் புல்லைப் பூக்குமுன் அறுப்பதற்கு உரியவரிடம் இசைவு கேட்க எண்ணியிருக்கிறோம். மாட்டுக்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அரிவாள்களும் அவரே தருவார். கட்டுத் தூக்க ஆறு பேர் வேண்டும். விருப்பமுள்ளோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.